கேள்வி–பதில்: வேட்பாளருக்கும் வேள்விக்கும் என்ன உறவு?

கேள்வி: வேட்கை என்றால் ஆசைத் தீ, வேள்வி என்றால் ஓமத் தீ. அப்படியானால் இரண்டு சொல்லும் தீயிலிருந்துதான் பிறந்தனவா? கூடவே ஒரு சந்தேகம், வேட்பாளர் இதில் எங்கே வந்தார்?
— மன்னார்குடி வாசகர்

பதில்: மூவரும் ஒரே குடும்பம்தான், ஆனால் குடும்பத் தலைவர் தீ இல்லை. ‘வேள்’ என்கிற வினைச்சொல். கேள், கேள்வி, கேட்பு என்று சொல்கிறோம் அல்லவா, அதே போக்கில் வேள், வேள்வி, வேட்பு. கேட்கை மாதிரி வேட்கை. இந்த வேள் என்ற வினைக்கு விரும்புதல், மணம் செய்தல், யாகம் செய்தல் என்று மூன்று பொருளும் உண்டு. மன்மதனுக்குக் காமவேள் என்று பெயர், முருகனுக்குச் செவ்வேள்.

யாகப் பொருளுக்குச் சாட்சி வேண்டுமானால் ஒரு சோழ மன்னனின் பெயரே போதும்: இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளி. இராசசூயம் என்பது அரசர்கள் செய்யும் ஒரு யாகம். ‘வேட்ட’ என்றால் இங்கே செய்து முடித்த, ஆசைப்பட்டதோடு நின்றுவிடவில்லை. பதிற்றுப்பத்து அந்தணரின் ஆறு தொழிலைச் சொல்லும்போது ‘ஓதல் வேட்டல்’ என்றுதான் தொடங்குகிறது. வள்ளுவரும் நெய் சொரிந்து ஆயிரம் வேள்வி செய்வதைவிட ஓர் உயிரைக் கொன்று தின்னாமல் இருப்பது மேல் என்கிறபோது ‘ஆயிரம் வேட்டல்’ என்கிறார் (குறள் 259). மணப் பொருள் நம் பேச்சில் போய்விட்டது, ஆனால் மலையாளத்தில் நம்பூதிரிகள் இன்றும் திருமணத்தை ‘வேளி’ என்கிறார்கள். பழந்தமிழில் மனைவி பிறந்த வீட்டுக்கு வேட்டகம் என்று பெயர், இன்று யாரிடமாவது ‘வேட்டகம் போகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள், காட்டுக்குப் போவதாக நினைப்பார்கள்.

என்னைக் கேட்டால் விருப்பம்தான் வேர், தீ அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. யாழ்ப்பாணத்துக் கிராமக் கோயில்களில் ஆடு வெட்டிப் படைக்கும் விழாவுக்கும் வேள்வி என்றே பெயர், அங்கே ஓமகுண்டம் கிடையாது. வள்ளுவர் விருந்தோம்பலையும் வேள்வி என்கிறார் (குறள் 87). இல்லறத்தாருக்கு விதித்த ஐம்பெரு வேள்விகளில் அதுவும் ஒன்று என்று குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் காரணம் காட்டுகிறார். சரி, இருக்கட்டும், ஆனாலும் விருந்தாளிக்குச் சோறு போடுவதில் தீ அடுப்போடு முடிந்துவிடுகிறது. தாகத்துக்கு நீர்வேட்கை என்று பெயர் வைத்திருப்பதையும் கவனியுங்கள், அங்கே தீக்கு நேர் எதிரான பொருளுக்கல்லவா ஆசை.

வேட்பாளர்? பதவியை விரும்புகிறவர், அவ்வளவுதான். வேட்புமனு என்பது ‘எனக்கு இது வேண்டும்’ என்று எழுதிக் கொடுக்கும் தாள். இதைவிட நேர்மையான அரசியல் சொல் தமிழில் இருப்பதாகத் தெரியவில்லை.

கேள்வி: காதலைத் தீ என்று எழுதுவது சினிமாப் பாட்டுக்காரர்கள் கிளப்பிவிட்டதுதானே?
— கோவை வாசகி

பதில்: இல்லைங்க, பாவம் அவர்களை விட்டுவிடுங்கள். குறள் 1159-ஐப் பாருங்கள். தீ தொட்டால்தான் சுடும், காமநோய் மாதிரி விலகிப் போனாலும் சுடுமா என்று தலைவி கேட்கிறாள். 1104-இல் தலைவன் அதையே தன் பக்கத்திலிருந்து சொல்கிறான்: விலகினால் சுடுகிறது, நெருங்கினால் குளிர்கிறது, இப்படி ஒரு தீயை இவள் எங்கே பெற்றாள்? இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். பாட்டுக்காரர்கள் பெரும்பாலும் ‘எரிகிறது’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அந்தக் குளிர்ச்சியை விட்டுவிடுகிறார்கள். என் புகார் அதுதான்.