பரண் மேல் பாடம்: கேள்விகளும் பதில்களும்

மர உச்சியில் நடப்பதை ஆராயப் பைனாகுலர் இருக்கும்போது அங்கே பரண் எதற்கு? (கல்லூரி மாணவி)

பறவைக்கு பைனாகுலர் போதும், இலைக்குப் போதாது. மர உச்சிகளை ஆராயும் அறிவியலாளர் மெக் லோமன் ஆஸ்திரேலியக் காடுகளில் கயிறு பிடித்து ஏறி, இலைகளில் அழியாத மையால் எண் எழுதி வைத்தார். பிறகு அதே இலைகளைத் தேடித் தேடிப் போய்ப் பார்த்தார். இலையைப் பறித்து ஓட்டையை மட்டும் அளந்தால், பூச்சி முழுசாகத் தின்று தீர்த்த இலை கணக்கிலேயே வராது. இவரிடம் எண் இருந்தது, இலையைக் காணோம். பூச்சிகள் தின்பது முன்பு நினைத்ததைவிட அதிகம் என்பது அப்படித்தான் தெரியவந்தது. பரண் இருந்தால் அதே கிளைக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். உச்சியிலிருந்து தெரியும் காட்சியெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

புகையடித்துப் பூச்சிகளைக் கீழே விழவைப்பது சுலபமில்லையா?

சுலபம்தான். பூச்சியியலாளர் டெர்ரி எர்வின் பனாமாவில் ஒரே வகையைச் சேர்ந்த 19 மரங்களில் பூச்சிமருந்துப் புகை அடித்துச் சுமார் 1,200 வண்டினங்களைச் சேகரித்தார். அதை வைத்து 1982-ல் வெப்பமண்டலத்தில் 3 கோடி கணுக்காலி (பூச்சி, சிலந்தி போன்றவை) இனங்கள் இருக்கலாம் என்றார். பின்னால் வந்த மதிப்பீடுகள் அதைவிட மிகக் குறைவு. எத்தனை வகை என்று புகை சொல்லும். அந்த வண்டு மேலே என்ன செய்துகொண்டிருந்தது என்று சொல்லாது.

அவ்வளவு உயரத்துக்குக் கயிறு எப்படிப் போகிறது? பரணை ஆணியடித்து நிறுத்தலாமா?

பெரிய கவணால் எடை கட்டிய மீன்பிடி நரம்பைக் கிளைக்கு மேல் எய்வார்கள். நரம்பில் மெல்லிய கயிற்றைக் கட்டி இழுப்பார்கள், பிறகு அதில் ஏறும் கயிற்றைக் கட்டி இழுப்பார்கள். ஆணி வேண்டாம், மரத்துக்குக் காயம். அகலப் பட்டையால் கட்டுங்கள், மரம் பருக்கப் பருக்கத் தளர்த்துங்கள்.

நம்ம ஊரில் இப்படி என்ன பார்க்கலாம்?

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் காக்காச்சிப் பக்கம் வெடிப்பலா மரம் உண்டு. பூ கிளையிலேயே கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பூவின் சதைப்பற்றைத் தின்னப் பாலூட்டிகள் வருகின்றன. மகரந்தச் சேர்க்கையில் அவற்றுக்கும் பங்குண்டு என்று ஆய்வாளர்கள் டி. கணேஷும் சௌபத்ரா தேவியும் காட்டினார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ஏறிவிடாதீர்கள்.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றலாமா? எங்களிடம் பணமும் இல்லை. (ஆசிரியர்)

கயிற்றில் வேண்டாம். கைப்பிடியுள்ள உச்சி நடைபாதை இருந்தால் சரி. புளோரிடாவின் மயாக்கா பூங்காவில் இருக்கிறது. இல்லையென்றால் காற்றில் ஒடிந்து விழுந்த பாசி படர்ந்த கிளை ஒன்று போதும். பாசியை மெல்ல உரித்தால் அடியில் மண் இருக்கும். காட்டுச் சூழலியலாளர் நளினி நட்கர்னி அப்படி உயிருள்ள கிளைகளில் உரித்துப் பார்த்து, மரமே தன் கிளையிலிருந்து அந்த மண்ணுக்குள் வேர் விட்டிருப்பதை 1981-ல் வெளியிட்டார். பிள்ளைகளிடம் லென்ஸைக் கொடுங்கள், வேர் எங்கிருந்து கிளம்புகிறது என்று அவர்களே தேடட்டும்.