கதவைச் சாத்த முடியாத அறை – கடிதம்

வணக்கம்.

நான் ஒரு கவுன்சலர். 2020 மார்ச்சில் வேறு வழியில்லாமல் வீடியோவில் செஷன் எடுக்கத் தொடங்கினேன். இப்போது பெரும்பாலும் அதுதான். என்னிடம் பேசுகிறவர்கள் நன்றாகத் தேறி வருகிறார்கள், அவர்களே சொல்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு செஷன் முடிந்ததும் எதையோ தவறவிட்டதுபோல் இருக்கிறது. நேரில் பேசிய நாட்களில் இப்படிச் சோர்ந்ததில்லை. என் பயிற்சியில் குறையா? மற்ற பண்பாடுகளில் இருக்கும் தெரபிஸ்டுகளுக்கும் இப்படித்தானா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பயிற்சியில் குறை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்படும் ஒன்று உண்டு: ஆன்லைனிலும் உறவு நன்றாக அமைந்தது என்று உதவி தேடி வருபவர்கள் சொல்கிறார்கள், ஐயப்படுவது தெரபிஸ்டுகள்தான். நீங்கள் எழுதியிருப்பதும் அதுவே.

தெரபிஸ்டுக்குத் தன் உடம்புதான் கருவி. எதிரே இருப்பவர் மூச்சை இழுத்துப் பிடிப்பதை, கால் ஆடுவதை, நாற்காலியின் நுனிக்கு நகர்வதை அந்த உடம்பு கவனித்துக்கொண்டே இருக்கும். திரையில் கிடைப்பது கழுத்துக்கு மேலே மட்டும். அவர் கண்ணைப் பார்த்தால் நீங்கள் கீழே பார்ப்பதாக அவருக்குத் தெரியும். கேமராவைப் பார்த்தால் அவர் முகம் உங்களுக்குத் தெரியாது. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட், வருபவர் படுத்திருக்கும் சாய்விருக்கைக்குப் பின்னால்தான் உட்கார்ந்தார். தினமும் எட்டு மணி நேரம் பிறர் தன்னை உற்றுப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை என்று 1913இல் அவரே எழுதியிருக்கிறார். உங்களுக்கோ அந்தப் பார்வையோடு திரையின் மூலையில் உங்கள் முகமும் சேர்ந்துகொள்கிறது. அதை மறைத்துவிடுங்கள். கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காருங்கள், கைகள் தெரியட்டும்.

மௌனம் இன்னும் கடினம். ஓரிடத்தில் மௌனம் மரியாதை, வேறோரிடத்தில் கோபம், இன்னோரிடத்தில் அழுகைக்கு முந்தைய நொடி. அறையில் எது எது என்று தெரிந்துவிடும். வீடியோவில் மூன்று நொடி தாண்டினால் இணைப்பு போய்விட்டதோ என்று மனம் பதறும். "கேட்கிறதா?" என்று நாம் கேட்கிற அந்த இடத்தில்தான் அவர் அழவிருந்தார்.

பண்பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அறைதான். முன்பு அறையைத் தந்தது நீங்கள். கதவு சாத்தியிருந்தது, அங்கே பேசியது வெளியே போகாது. இப்போது அதை வருபவரே தேடிக்கொள்ள வேண்டும். ஆளுக்கொரு அறை இருக்கும் சமூகத்தில் இது பெரிய விஷயமில்லை. இந்தத் துறையின் பாடநூல்களும் அதை எண்ணித்தான் எழுதப்பட்டன. மூன்று தலைமுறை ஒரே கூரையின்கீழ் இருக்கும் வீட்டில், யாரைப் பற்றிப் பேச வேண்டுமோ அவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். நிறுத்திவைத்த காருக்குள்ளிருந்தும் குளியலறையிலிருந்தும் பேசுகிறார்கள். "ஆமாம்", "இல்லை" என்று மட்டும் பதில் வந்தால் அதை மனம் திறக்க மறுக்கும் எதிர்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், யாரோ உள்ளே வந்திருக்கலாம். பேச்சை மாற்ற ஒரு சொல்லை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அடிபடும் பெண்ணுக்கு அந்த ஒரு சொல் உயிரைக் காக்கும்.

அதே சமயம், மனநல மருத்துவமனையின் வாசலில் தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஒருபோதும் வராதவர்கள், இந்தத் திரை இருப்பதால்தான் வருகிறார்கள். இதை நான் சிறிய லாபமாக நினைக்கவில்லை.

இடத்துக்கு இடம் கவலை வேறாக இருக்கிறது. பிரேசிலில் உளவியலாளர் மன்றம் 2012இல் ஆன்லைன் ஆலோசனைக்கு 20 அமர்வுகள் என்று வரம்பு வைத்திருந்தது. 2018இல்தான் அதை நீக்கியது. அர்ஜென்டினாவில் பெருந்தொற்றுக்கு முன்பே, புலம்பெயர்ந்து போனவர்களோடு தொலைபேசியிலும் ஸ்கைப்பிலும் உளப்பகுப்பாய்வாளர்கள் தொடர்ந்து பேசினார்கள். தூரம் போனாலும் தாய்மொழியில்தானே அழ முடிகிறது. 2022க்குப் பிறகு உக்ரைனில் வான்தாக்குதல் சைரன் தெரபிஸ்டுக்கும் கேட்கிறது, எதிரே இருப்பவருக்கும் கேட்கிறது. செஷனை நிறுத்திவிட்டு இருவரும் அவரவர் பதுங்கிடத்துக்குப் போக வேண்டும்.

அப்புறம் ஒன்று. ஓராண்டு நான் திரையின் மறுபக்கம் இருந்திருக்கிறேன். எனக்கு உதவியவர் மிக நல்லவர், இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். எனக்கு இல்லாமல் போனது திரும்பி வரும் வழி. அப்பாவின் சாவைப் பற்றி ஐம்பது நிமிடம் பேசிவிட்டு லேப்டாப்பை மூடினால், அடுத்த நிமிடமே கதவுக்கு வெளியே என் மகள் வீட்டுப்பாடத்தோடு நின்றாள். ஒரு நாள் அவளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அதன் பிறகு அந்த நல்ல மனிதர் கடைசிப் பத்து நிமிடங்களில் புதிதாக எதையும் கிளறவில்லை. முடிந்ததும் தெருவில் ஒரு சுற்று நடந்துவிட்டு வரச் சொன்னார்.

உங்களுக்கும் அந்த வழி இல்லாமல் போயிருக்கிறது. ஒருவரை அனுப்பிவிட்டு எழுந்து, ஜன்னலைத் திறந்து, அடுத்தவரை வாசலில் பார்க்கும் அந்த ஐந்து நிமிடங்களை வைத்துக்கொள்கிறீர்களா, இல்லை அடுத்த இணைப்பை உடனே அழுத்துகிறீர்களா? அதை எனக்கு எழுதுங்கள்.