பிடியரிசிக் கணக்கு (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

எங்கள் அப்பா போன மாதம் இறந்துபோனார். முப்பது வருஷக் குடி. அம்மாவை அடிக்காத வாரம் கிடையாது. கடைசிப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆயர் வந்து ஜெபித்தார். அப்பா அழுதார், ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன் என்றார். அடக்க ஆராதனையில் ஆயர், "நம் சகோதரன் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்பட்டார்" என்று பிரசங்கித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீதி இப்படி இலவசமாகக் கிடைக்கும் ஈவு என்றால், ஒருநாளும் ஜெபம் தவறாத அம்மாவுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? வேதத்தில் யாக்கோபு "விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்" என்கிறாரே? கத்தோலிக்க நண்பன் ஒருவன் நம் புராட்டஸ்டன்ட் உபதேசமே தப்பு என்கிறான். அம்மாவிடம் கேட்டால், "அவருக்கே கிடைச்சா எனக்கும் கிடைக்கும்லா" என்கிறாள். அவளும் இப்படிப் பேசுவதைத்தான் தாங்க முடியவில்லை.

எஸ்.

அன்புள்ள தம்பி,

சில நாட்களாக, பவுல் ரோமாபுரி சபைக்கு எழுதிய ரோமர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தை விட்டு நகர முடியாமல் இருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

யாக்கோபை விடுங்கள். பசித்து வந்தவனிடம் சாப்பாடு போடாமல் "சமாதானத்தோடே போ" என்று சொல்லி அனுப்பியவர்களைப் பார்த்து அவர் பேசினார். அது அவர்களுக்கு வேண்டிய பேச்சு. உங்கள் நண்பரிடம், 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் இந்தப் பொருளில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டதைச் சொல்லுங்கள். நம் தகுதி எதனாலும் அல்ல, கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரண்டு பேருமே அதில் சொல்கிறார்கள். மிச்சத்தை அவரே படித்துக்கொள்ளட்டும்.

உங்கள் ஆயர் மேல் எனக்கும் கோபம்தான். அவர் சொன்ன வசனம் சரி. ஆனால் முதல் வரிசையில் அடிபட்ட பெண் உட்கார்ந்திருக்கும்போது, அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் அதைச் சொன்னது பெரிய தப்பு. வரி வசூலிக்கிற சகேயு வீட்டுக்கு இயேசு போனபோது, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் எழுந்து நின்று சொன்னான். உங்கள் அப்பாவுக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. சபைக்கு நேரம் இருந்தது. அந்த அம்மாவின் கையைப் பிடித்து, "உங்களுக்கு நடந்தது அநியாயம், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம்" என்று சபை சொல்லியிருக்க வேண்டும். தேவன் அவரை மன்னித்துவிட்டார், அதனால் நீயும் இன்றைக்கே மன்னித்துவிடு என்று யாராவது உங்களை நெருக்கினால், கேட்காதீர்கள். அதற்கு உங்களுக்கு எத்தனை வருஷம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். திராட்சத்தோட்ட உவமையில், சாயங்காலம் வந்தவர்களுக்கும் அதே கூலி கிடைத்தபோது "பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு" என்று முறுமுறுத்தவர்கள் காலையிலிருந்து வேலை செய்தவர்கள். உங்கள் வீட்டில் வெயிலில் நின்றது அம்மா. அவள் முறுமுறுக்கவில்லை. அவள் கூலியை நீங்கள் போய்க் கேட்கிறீர்கள். அவள் கேட்கச் சொன்னாளா?

இந்த உபதேசம் போக்கிரிகளுக்கான குறுக்குவழி என்று நினைத்திருக்கிறீர்கள். இதைக் கண்டுகொண்டவர்கள் யார் என்று பாருங்கள். பவுல், நியாயப்பிரமாணத்துக்குரிய (மோசேயின் சட்டத்துக்குரிய) நீதியின்படி தான் குற்றஞ்சாட்டப்படாதவன் என்று பிலிப்பியருக்கு எழுதியவர். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லுத்தர் 1505-இல் ஜெர்மனியின் எர்ஃபுர்ட் மடத்தில் சேர்ந்து, உபவாசமும் பாவசங்கீர்த்தனமுமாய்த் தன்னை வாட்டிக்கொண்டவர். சாவதற்கு முந்தைய வருஷம், 1545-இல், பழசை நினைத்து எழுதுகிறார்: குறைசொல்ல இடமில்லாத துறவியாகத்தான் வாழ்ந்தேன், ஆனாலும் 'தேவனுடைய நீதி' என்ற சொல்லையே வெறுத்தேன் என்று. அந்த நீதி தன்னைத் தண்டிக்க வருகிறது என்று நினைத்திருந்தார். அது தேவன் கொடுக்கிற நீதி என்று ரோமர் முதல் அதிகாரத்தில் புரிந்த அன்று, பரதீசின் கதவுகள் திறந்ததுபோல் இருந்ததாம். இருவருமே எவ்வளவு செய்தாலும் போதாது என்று தவித்த ஒழுங்கான மனிதர்கள்.

எங்கள் ஆச்சி அப்படித்தான். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை ஆலயத்துக்கென்று மூலைப்பானையில் போடுவாள். ஐம்பது வருஷத்துக்கு மேல். கடைசியில் கட்டிலில் கிடந்தபோது அவள் வலது கை அரிசி அள்ளுகிற மாதிரி மூடித் திறந்துகொண்டே இருந்தது. ஒருநாள் ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "எலேய், மழை பொய்ச்ச வருசம் பிள்ளைகளுக்கே காணலன்னு கொஞ்ச நாள் போடாம விட்டுட்டேன். அதைக் கேப்பாரோ?" என்றாள். எனக்குப் பதினேழு வயது. அவள் செய்த நல்லதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லித் தேற்றினேன். ஒவ்வொன்றிலும் அவள் ஒரு குறையை எடுத்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் பயம் கூடிக்கொண்டே போனது.

மறுநாள் உபதேசியார் வந்தார். ரோமர் நாலைத் திறந்து, "கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்" என்று நிறுத்தி வாசித்தார். பிறகு, "கூலிக்காரி மாதிரி கணக்குக் கேக்கீங்களேம்மா, நீங்க மகள்லா" என்றார். அடுத்த வசனத்தில் பாவியை நீதிமானாக்குகிறவர் வருகிறார். விசுவாசமே நீதியாக எண்ணப்படும் என்கிறது. அந்த 'எண்ணு' என்பதற்குக் கிரேக்கத்தில் உள்ள சொல் வரவுசெலவுக் கணக்கிலும் புழங்கியது. அந்த ஒரு அதிகாரத்தில் மட்டும் 11 முறை வருகிறது. இத்தனை முறை கணக்குச் சொல்லைப் போட்டுப் பவுல் என்ன செய்கிறார் என்றால், நம் கையிலிருந்து கணக்குப் புத்தகத்தை வாங்கிக்கொள்கிறார். கணக்குத் தேவனுடையது. வரவு கிறிஸ்துவினுடையது.

ஆச்சி அதற்குப் பிறகு நாலு நாள் இருந்தாள். கை சும்மா விரிந்து கிடந்தது.

"எனக்கும் கிடைக்கும்லா" என்று உங்கள் அம்மா சொன்னதை நீங்கள் அடங்கிப்போன பேச்சாகக் கேட்டீர்கள். எனக்கு அதில் ஆச்சியின் குரல் கேட்டது. தம்பி, அவள் அப்பாவுக்காகப் பேசவில்லை. தனக்குக் கிடைக்குமா என்று உங்களிடம் கேட்டிருக்கிறாள். நீங்கள் பதில் சொல்லவில்லை.

இன்று ராத்திரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த அதிகாரத்தை நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். அப்பா பேச்சை எடுக்க வேண்டாம்.