பெர்சி ஜாக்சன்: ஒரு கடிதம்

வணக்கம்,

என் மகனுக்கு 11 வயது. டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துகளைப் படிப்பதில் உள்ள குறைபாடு, இருப்பதாகப் போன வருடம்தான் தெரிந்தது. பள்ளி நூலகத்திலிருந்து ரிக் ரையர்டன் எழுதிய ‘தி லைட்னிங் தீஃப்’ நாவலை எடுத்து வந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் படிப்பான், ஆனால் விடாமல் படிக்கிறான். இப்போது ஒன்பதாவது அத்தியாயம். அவனுக்கு முன்னால் நானே முழுக்கப் படித்துவிட்டேன். எழுத்துகள் நழுவுவதற்குக் காரணம் அவன் மூளை பண்டைய கிரேக்க மொழிக்கென்றே அமைந்திருப்பதுதான் என்று நாவலின் நாயகன் பெர்சிக்குச் சொல்கிறார்கள். கேட்க ஆறுதலாக இருக்கிறது, ஆனால் பொய்யான ஆறுதல் இல்லையா? இன்னொன்று, அதில் வரும் தெய்வங்கள். பிள்ளைகளைப் பெற்று விட்டுவிட்டுப் போகிறார்கள். கடைசியில் ஒரு தாய் தன் கணவனையே கல்லாக்குகிறாள். இதை இந்த வயதில் படிக்க விடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

படிக்க விடுங்கள். பக்கத்தில் உட்காருவதையும் விடாதீர்கள்.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் உங்கள் முதல் கேள்வி கொஞ்சம் வேறு மாதிரித் தெரியும். ரையர்டன் நடுநிலைப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருடைய மகனுக்கு டிஸ்லெக்சியாவும், கவனத்தை நிலைநிறுத்த முடியாத ஏ.டி.எச்.டி.யும் இருந்தன. இரண்டாம் வகுப்பில் பையனுக்குப் பிடித்தது கிரேக்க புராணம் மட்டும்தான், அதனால் இரவில் தூங்கும் முன் அந்தக் கதைகளைச் சொல்லியிருக்கிறார். தெரிந்த கதைகள் தீர்ந்துபோனதும் புதிதாக ஒன்று சொல்லு என்று கேட்டிருக்கிறான், அப்போது உருவானவன்தான் பெர்சி ஜாக்சன். மூன்று இரவு சொன்ன கதை. அப்புறம் மகன் சொல்லித்தான் அதை எழுத உட்கார்ந்தார், 2005-ல் புத்தகமாக வந்தது. அதாவது இது உங்களுக்கு இருக்கும் அதே கவலை இருந்த ஒரு தகப்பன் தன் பிள்ளைக்கு வாய்மொழியாகச் சொன்ன கதை.

சரி, பொய்யா? மூளை கிரேக்கத்துக்கென்று அமைந்திருக்கிறது என்பது கற்பனை, அதை உங்கள் மகனும் அறிவான். 11 வயதுப் பிள்ளைக்குக் கதை எங்கே முடிகிறது என்று நன்றாகவே தெரியும். நான் பார்க்கச் சொல்வது வேறு. பெர்சி ஆறு வருடத்தில் ஆறு பள்ளிகளிலிருந்து வெளியேற்றப்பட்ட பையன். தான் ஒரு தெய்வத்தின் மகன் என்று தெரிந்ததால் அவனுக்கு ஆங்கிலப் பக்கம் ஒன்றும் எளிதாகிவிடுவதில்லை, அந்தச் சிரமம் கடைசிவரை கூடவே வருகிறது. மாறுவது என்னவென்றால், தெய்வங்களுக்கும் மனிதர்களுக்கும் பிறந்த பிள்ளைகளுக்காக லாங் ஐலண்டில் இருக்கும் முகாமுக்குப் போனதும் அங்கே கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளுமே இவனைப் போலத்தான் என்று தெரிகிறது. அறிவுத் தெய்வம் அதீனாவின் மகள் அனபெத், கூட்டத்திலேயே கூர்மையானவள், கட்டடக்கலை பற்றி மூச்சுவிடாமல் பேசுகிறவள், அவளுக்கும் எழுத்துகள் நழுவுகின்றன. நான் மட்டும்தான் இப்படி என்ற வெட்கம் அந்த இடத்தில் போகிறது. இந்தப் பகுதி பொய் இல்லை. உங்கள் மகன் விடாமல் படிப்பதற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதைச் சொல்லிவிட்டு ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒலியையும் எழுத்தையும் இணைத்துப் படிப்படியாகக் கற்றுத்தரும் சிறப்புப் பயிற்சி தொடர வேண்டும், அந்த வேலையை எந்த நாவலும் செய்யாது. அவன் சோர்ந்துபோகும் நாளில் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், இல்லையென்றால் ஒலிப்புத்தகம் போடுங்கள். அது குறுக்குவழி இல்லை. பண்டைய கிரேக்கக் கவி ஹோமரின் காவியங்களே பாடிப் பாடி வளர்ந்த மரபிலிருந்து வந்தவைதான்.

தெய்வங்கள் விஷயத்தில் ரையர்டன் மூலத்துக்கு விசுவாசமாக இருக்கிறார் என்றே சொல்வேன். கிரேக்க தெய்வங்கள் ஒழுக்கத்தின் உருவங்கள் இல்லை. அவர்களுக்குக் கோபம் உண்டு, பொறாமை உண்டு, மறதி உண்டு, அதன் விலையை மனிதர்கள் கொடுக்கிறார்கள். அதைத் துடைத்துவிட்டு நல்ல தெய்வங்களாகக் காட்டியிருந்தால் ஒரு நல்ல பரிசுப்புத்தகம் கிடைத்திருக்கும், இந்த நாவல் கிடைத்திருக்காது. முகாமின் பதினோராவது குடிலை நினைத்துப் பாருங்கள். ஹெர்மஸ் என்ற தெய்வத்தின் பிள்ளைகளோடு, எந்தத் தெய்வமும் இன்னும் தன் பிள்ளை என்று ஒப்புக்கொள்ளாதவர்களும் அங்கேதான் தரையில் படுக்கிறார்கள், சிலர் வருடக்கணக்கில். நாவலில் பெரிய தீமை ஒன்று முளைப்பதும் அந்தக் குடிலிலிருந்துதான், அதற்குப் பின்னால் இருப்பது தகப்பன் மீதான கோபம். மின்னல் ஆயுதத்தை யார் திருடினார்கள் என்பது மேலே ஓடும் கதை. அடியில் ஓடுவது வராத தகப்பனுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் கதை. கடைசியில் பெர்சி தன் தகப்பனான கடல் தெய்வம் பொசைடனை நேரில் பார்க்கிறான் இல்லையா, அப்போது அந்தத் தகப்பன் நீ பிறந்ததற்கு வருந்துகிறேன் என்கிறான். 12 வயதுப் பையன் அதைக் கேட்டு நிற்கிறான். குழந்தைகளுக்கான சாகசக் கதையில் இவ்வளவு கடினமான ஒரு வாக்கியத்தை வைக்க எழுத்தாளனுக்குத் தன் வாசகர்கள் மேல் பெரிய மரியாதை இருக்க வேண்டும்.

இனி பெர்சியின் தாய் சாலி. கிரேக்க புராண வீரன் பெர்சியஸின் பழைய கதையில் அவன் தாய் டனாயியைக் கட்டாயப்படுத்தி மணக்க நினைக்கிறான் செரிஃபோஸ் தீவின் அரசன் பாலிடெக்டிஸ். இடைஞ்சலாக இருக்கும் மகனை, பார்த்தவரைக் கல்லாக்கும் மெதூசாவின் தலையைக் கொண்டுவா என்று அனுப்புகிறான், அவன் செத்துப்போவான் என்ற எண்ணத்தில். மகன் அந்தத் தலையோடு திரும்பி வந்து அரசனைக் கல்லாக்குகிறான். ரையர்டன் இதையே எடுத்துக்கொண்டு ஒரே ஒரு மாற்றம் செய்கிறார், என் கணக்கில் நாவலின் மிகச் சிறந்த மாற்றம் அது. சாலி மகனின் வாடையை அரக்கர்களிடமிருந்து மறைப்பதற்காகவே கேப் போன்ற ஒருவனைக் கணவனாகச் சகித்துக்கொண்டு வாழ்ந்தவள். அவன் அவளை அடிக்கிறான் என்று தெரிந்ததும் பெர்சிக்கு அங்கேயே எல்லாவற்றையும் முடித்துவிடத் தோன்றுகிறது, ஆனால் மெதூசாவின் தலையையும் முடிவையும் தாயிடமே விட்டுவிட்டுப் போகிறான். அவளை யாரும் வந்து மீட்கவில்லை, பொசைடன் உதவ முன்வந்தபோதும் மறுத்துவிடுகிறாள். கேப்பைத் தானே கல்லாக்கி, அந்தச் சிலையை விற்ற பணத்தில் கல்லூரியில் சேர்கிறாள். இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அவன் கேட்டால் பேசுங்கள், அடிக்கிறவனை ஏன் ஒருத்தி இவ்வளவு நாள் பொறுத்துக்கொண்டாள் என்பது உட்பட.

எனக்கு இந்த நாவலில் குறையாகப் படுவது மெதூசாதான். ரோமானியக் கவி ஓவிட் சொல்லும் கதையில் அவள் அதீனாவின் கோயிலில் கடல் தெய்வத்தால் சிதைக்கப்பட்டவள், தண்டனையும் அவளுக்கே கிடைக்கிறது. நாவலில் அது ஒரு பழைய காதல் விவகாரமாகச் சுருங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு அதை அப்படியே சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சாலிக்கு அவ்வளவு கவனம் கொடுத்த ஒருவர் மெதூசாவுக்கும் ஒரு பக்கம் கொடுத்திருக்கலாம்.

2010-ல் வந்த திரைப்படத்தை இப்போதைக்குக் காட்ட வேண்டாம். அதில் பெர்சியை வயது கூட்டிப் பெரிய பையனாக்கிவிட்டார்கள், கதையின் உயிரே அவன் 12 வயதுக்காரன் என்பதில் இருக்கிறது. 2023 கடைசியில் தொடங்கிய தொடர் பரவாயில்லை, அதையும் புத்தகம் முடிந்த பிறகு பார்க்கட்டும்.

பெர்சியஸ் கதையை அவனுக்கு நீங்களே சொல்லலாம், ஆனால் பதினோராவது அத்தியாயத்துக்கு முன்னால் வேண்டாம். மெதூசாவின் அந்தத் தோட்டச் சிலைக் கடைக்குள் ஒன்றும் தெரியாமல் நுழைவதில் ஒரு பயம் இருக்கிறது, அது அவனுக்குக் கிடைக்கட்டும்.