அது அவன் குரல்தானய்யா?

அன்புள்ள ஐயா,

திருநெல்வேலியில் ஐந்தாண்டுச் சட்டப்படிப்பு, மூன்றாமாண்டு. சாட்ஜிபிடி நொடியில் மனு எழுதுகிறது, எழுபது பக்கத் தீர்ப்பை அரைப் பக்கமாகச் சுருக்கித் தருகிறது. எங்கள் வகுப்பிலோ இன்னும் நோட்ஸ் சொல்லி எழுத வைக்கிறார்கள். பைத்தான் கணினிமொழி படிக்கட்டுமா? அப்பா, பேசாமல் குரூப் 2 எழுது என்கிறார். இந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டா?

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

பைத்தான் பிடித்தால் படியுங்கள். அப்பா சொல்வது உங்கள் வீட்டு விவகாரம். நோட்ஸ் சொல்லும் ஆசிரியர்கள் என் காலத்திலும் இருந்தார்கள், அதை ஒரு சாக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். எனக்குச் சுருக்கென்றது அந்த அரைப் பக்கம்தான். அதை எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள்!

2015-இல் நான் ஜூனியர் வக்கீல். ஒரு அம்மா, தங்கை மகனுக்குக் கைமாற்றாக எண்பதாயிரம் கொடுத்திருந்தார். புரோநோட்டு கிடையாது. இருந்தது ஒரு வாட்ஸ்அப் குரல் மட்டும்: “தை பிறக்கட்டும் பெரியம்மா, மொத்தமா தந்துடுறேன்.” போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் என் முன்னால் உட்கார்ந்திருந்தார். சிடியில் போட்டுக் கொண்டுவாருங்கள், போதும் என்றேன். அப்புறம் அவர் மகன் அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டான்.

சாட்சிய நாளன்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். மின்னணுப் பதிவின் நகலுக்குச் சாட்சியச் சட்டம் கேட்கும் 65பி சான்றிதழ் எங்கே? அதைக் கட்டாயமாக்கிய சுப்ரீம் கோர்ட்டின் 2014 அன்வர் எதிர் பஷீர் தீர்ப்பு எனக்குத் தெரியாததல்ல, ஹெட்நோட், அதாவது தீர்ப்பின் தலைப்பில் போடும் சுருக்கம், படித்திருந்தேன். சான்றிதழைப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். சிடி போட்டுக் கொடுத்த கடைக்காரரோ கோர்ட் என்றதும் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். தாவா தள்ளுபடி.

அன்று இரவுதான் தீர்ப்பை முழுதாகப் படித்தேன். பதிவைத் தாக்கல் செய்யும்போதே சான்றிதழும் கூட வர வேண்டும் என்று இருந்தது. மூலப் பதிவையே சாட்சியமாகக் கொண்டுவந்தால் சான்றிதழே வேண்டாம் என்றும் அதே தீர்ப்பில் இருந்தது. அதாவது அந்தப் போனையே கொண்டுவந்திருக்கலாம்.

தள்ளுபடியானதும் கோர்ட் வராந்தாவில் அந்த அம்மா கேட்டிருந்தார்: “அது அவன் குரல்தானய்யா?” தலையாட்டினேன். ஃபீஸ் பாக்கி எவ்வளவு என்று அடுத்துக் கேட்டார்.

என்னைக் கெடுத்தது எவரோ ஒரு மனிதர் எழுதிய ஹெட்நோட். நீங்கள் ஒரு இயந்திரத்தை நம்பி அதே பள்ளத்துக்குப் போகிறீர்கள். 2023-இல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன ஆறு தீர்ப்புகளைக் கோர்ட்டில் மேற்கோள் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம். அவர்களாவது பிடிபட்டார்கள். சுருக்கத்தில் விடுபட்டுப்போன வரியை யார் பிடிப்பது?

எதிர்காலம் என்றெல்லாம் கேட்டிருந்தீர்கள். கடன், விவாகரத்து, மிரட்டல் எல்லாம் இப்போது போனுக்குள்தான் கிடக்கின்றன. அதை வெளியே எடுத்து நிரூபிக்க ஆள் வேண்டாமா? 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டம் போய், பாரதிய சாக்ஷிய அதினியம் வந்திருக்கிறது. 65பி இருந்த இடத்தில் இப்போது 63-ஆம் பிரிவு. சான்றிதழ் இரண்டு பகுதியாகிவிட்டது, பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும்.

சரி, ஒரு வேலை தருகிறேன். சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புகள் கிடைக்கும் இ-எஸ்சிஆர் தளத்தில் அன்வர் தீர்ப்பு காசில்லாமல் கிடைக்கும். முழுதாகப் படியுங்கள். பிறகு பேர் ஆக்டை, அதாவது உரையில்லாத வெறும் சட்ட வாசகத்தை, திறந்து, 63-ஆம் பிரிவின் சான்றிதழில் இரண்டாவது பகுதியை யார் நிரப்ப வேண்டும் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். கைடைப் பார்த்து எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன்.