குமரி மாவட்டத்திலிருந்து இதழியல் படிக்க என்னென்ன உதவித்தொகை கிடைக்கும்?

கேள்வியில் நீங்கள் சொன்னது: விளவங்கோடு பக்கம் வீடு, அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு, அம்மாவுக்கு அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை, ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி. இளநிலையில் இதழியல் அல்லது விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படித்துவிட்டு முதுநிலைக்கு வெளியே போக ஆசை. இதழியலுக்கென்று தனி உதவித்தொகை உண்டா, மொத்தம் எவ்வளவு தேறும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இளநிலையில் 'இதழியல்' என்ற பெயரைப் போட்டுத் தேடினால் கிட்டத்தட்ட ஒன்றும் அகப்படாது. எந்தப் பள்ளியில் படித்தீர்கள், எந்தச் சமூகம், வீட்டு வருமானம் எவ்வளவு, கல்லூரியில் எந்தப் பிரிவில் சீட் என்ற நான்கையும் பார்த்துத்தான் பணம் வருகிறது. இவற்றில் கடைசி ஒன்றுதான் இன்னும் உங்கள் கையில் இருக்கிறது, அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் உள்ள பழைய கல்லூரிகள் பலவும் அரசு உதவி பெறுபவை. ஆனால் ஒரே வளாகத்துக்குள் அரசு உதவி பெறும் எய்டட் பிரிவும், அந்த உதவி இல்லாத சுயநிதிப் பிரிவும் சேர்ந்தே இருக்கும். வரலாறு, தமிழ், ஆங்கிலம் போன்ற பழைய பாடங்கள் எய்டட் பக்கம் இருக்கும். விஸ்காம், இதழியல் மாதிரிப் பிற்பாடு வந்த பாடங்கள் பெரும்பாலும் சுயநிதிப் பக்கம்தான். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் நலத்துறைகளின் இலவசக் கல்வித் திட்டம் மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்கு வருமான வரம்பே பார்ப்பதில்லை. ஆனால் அது அரசுக் கல்லூரிக்கும் எய்டட் பிரிவுக்கும்தான். 'எய்டட் காலேஜ்தானே' என்று நம்பிச் சுயநிதிப் பிரிவில் சேர்ந்துவிட்டு, முதல் செமஸ்டர் ரசீது கைக்கு வந்த பிறகு விழிக்கும் குடும்பங்கள் ஏராளம். விண்ணப்பம் வாங்கும்போதே "இந்தப் பாடம் எய்டடா, செல்ஃப் பைனான்ஸா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சுயநிதி என்றால் மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கட்டண அட்டவணை வாங்குங்கள். லேப் கட்டணம், கேமரா, ரெக்கார்டு செலவு அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

என் கருத்தைக் கேட்டால், கட்டணம் கட்ட வழியே இல்லை என்ற நிலையில் எய்டட் பிரிவில் தமிழோ ஆங்கிலமோ வரலாறோ படித்துவிட்டு முதுநிலையில் இதழியலுக்குப் போவது நல்ல வழி. பெரும்பாலான முதுநிலை இதழியல் படிப்புகள் எந்த இளநிலைப் பட்டத்தையும் ஏற்கும். அந்த மூன்று வருடத்தில் கல்லூரியில் இருந்தபடியே விகடன் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. முதல் இளநிலைப் பட்டம் முடியும் வரை வரும், முதுநிலைக்கு வராது. எய்டட், சுயநிதி என்ற பேதம் இதில் இல்லை. நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. களியக்காவிளை எல்லையோரப் பிள்ளைகள் சிலர் இடையில் ஓரிரு வருடம் பாறசாலை பக்கம் கேரளப் பள்ளியில் படித்திருப்பார்கள். அந்த இடைவெளி எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவில் தெரியும், தகுதி போய்விடும். பள்ளி மாறியிருந்தால் எல்லா வருடத்துக்கும் பதிவு சரியாக இருக்கிறதா என்று பழைய பள்ளியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் வரை. மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர்கள் நம் மாவட்டத்தில் அதிகம். சாதிச் சான்றில் பிற்படுத்தப்பட்டோர் என்று இருப்பதால் நமக்கு இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மாநில அரசின் உதவி அவர்களுக்கும் உண்டு, ஆதிதிராவிடர் நலத்துறை வழியாகவே வரும். விடாமல் கேளுங்கள்.

பாடத்தின் பெயருக்கு மதிப்புள்ள இடமும் இந்த போஸ்ட் மெட்ரிக்தான். மத்திய அரசின் வழிகாட்டுதலில் படிப்புகளை நான்கு குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். சாதாரண பி.ஏ. மூன்றாம் குழுவில் வரும், ஆண்டுப் படி விடுதியில் தங்குவோருக்கு 6,000, வீட்டிலிருந்து வருவோருக்கு 3,000. மாஸ் கம்யூனிகேஷன் இரண்டாம் குழு, 9,500 அல்லது 6,500. கல்லூரி அலுவலகத்தில் வெறும் 'பி.ஏ.' என்று தேர்ந்தெடுத்துவிட்டால் வருடத்துக்கு 3,500 ரூபாய் போய்விடும். பதிவிடும்போது பாடத்தின் முழுப் பெயர் திரையில் வருகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் இருந்தால் தேசிய உதவித்தொகைத் தளத்தில் மத்தியத் துறை உதவித்தொகை ஒன்று இருக்கிறது. உங்கள் வாரியத்தில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும், வருமானம் 4.5 லட்சத்துக்குள். இளநிலையில் ஆண்டுக்கு 12,000, தொடர்ந்து முதுநிலை படித்தால் 20,000. பாதி இடம் பெண்களுக்கு. கலைப் பிரிவுக்குத் தனிப் பங்கு இருப்பதால் அறிவியல் மாணவர்களோடு போட்டி போட வேண்டியதில்லை. வேறு எந்த உதவித்தொகையும், மாநில அரசுடையது உட்பட, வாங்கக் கூடாது என்பது இதன் விதி. புதுமைப் பெண் விதியோ மற்ற உதவித்தொகையோடு சேர்த்து வாங்க இடம் தருகிறது. இரண்டும் முட்டும் இடத்தில் எதையும் மறைத்து எழுதாதீர்கள். எதில் கூடுதல் வருகிறது என்று கணக்குப் பார்த்து, கல்லூரியில் உதவித்தொகையைக் கவனிக்கும் நோடல் அலுவலரிடம் சொல்லிவிட்டு ஒன்றை எடுங்கள். மத்தியத் துறை உதவித்தொகையை ஆண்டுதோறும் புதுப்பிக்க 75 சதவீத வருகையும் 50 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும்.

மீனவர் நல வாரியம், அமைப்புசாராத் தொழிலாளர் வாரியங்கள் பிள்ளைகளின் படிப்புக்குச் சிறு தொகை தருகின்றன. அப்பாவின் வாரிய அட்டை புதுப்பிக்காமல் கிடந்தால் விண்ணப்பம் செல்லாது. முதலில் அட்டையை எடுத்துத் தேதி பாருங்கள்.

இனி வங்கிக் கணக்கு. தகுதி எல்லாம் இருந்தும் பணம் வராமல் போவது பெரும்பாலும் இங்கேதான். 'ஆதாரை பேங்கில் கொடுத்தாச்சு' என்பதும், அரசுப் பணம் வந்து விழும் கணக்காக ஆதாரோடு அது பதிவாகியிருப்பதும் வேறு வேறு. ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான் பதிவாகும், கடைசியாக இணைத்தது எதுவோ அது. ஆதார் தளத்தில் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' போய்ப் பாருங்கள், வங்கியின் பெயரும் 'ஆக்டிவ்' என்பதும் வர வேண்டும். பள்ளியில் படிக்கும்போது அம்மாவோடு சேர்த்துத் திறந்த மைனர் கணக்கு என்றால், 18 வயது முடிந்ததும் புது கேஒய்சி (அடையாள ஆவணங்கள்) கொடுக்காவிட்டால் முடங்கிக் கிடக்கும். கிளையில் இழுத்தடித்தால் அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கியில் புதுக்கணக்குத் திறந்து அதை ஆதாரோடு இணைக்கச் சொல்லலாம்.

அடுத்தது பெயர். நம்மூரில் ஒரே பிள்ளைக்கு இரண்டு இனிஷியல், வீட்டுப்பெயர், ஞானஸ்நானப் பெயர் எல்லாம் இருக்கும். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர், பாஸ்புக்கில் இரண்டுமே இல்லை என்று கிடந்தால் சரிபார்ப்பில் நின்றுவிடும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை வைத்து ஆதாரைத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், எழுத்துக்கூட்டலை நிதானமாகப் பார்த்துக் கொடுங்கள்.

சான்றிதழ்களை மே மாதமே இ-சேவையில் போட்டுவிடுங்கள். வருமானச் சான்று விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) தாண்டி மண்டலத் துணை வட்டாட்சியர் கையெழுத்துக்குப் போக வேண்டும், ஓராண்டுதான் செல்லும். கையால் எழுதிய பழைய சாதிச் சான்று இருந்தால் அதை வைத்து இணையச் சான்று வாங்குங்கள். உதவித்தொகைத் தளம் கேட்பது அந்தச் சான்றின் எண்ணைத்தான். முதல் பட்டதாரிச் சான்றுக்கு அலைய வேண்டாம், அந்தக் கட்டணச் சலுகை தொழிற்படிப்புகளுக்கானது.

முதுநிலைக்கு, திருநெல்வேலி அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் துறை உங்களுக்கு எட்டும் தூரம். வெளியே போக வேண்டுமானால் மத்தியப் பல்கலைக்கழகங்களைப் பாருங்கள். திருவாரூர், புதுச்சேரி, ஐதராபாத் மூன்றிலும் இதழியல், மாஸ் கம்யூனிகேஷன் படிப்பு உண்டு. அங்கே சேரும் தமிழ்நாட்டுப் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால் ஆண்டுக்கு 2 லட்சம் வரை மாநில அரசு தருகிறது. ஆசையோடு படிக்கக் காத்திருக்கும் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாமலே போவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. திருவனந்தபுரம் பக்கம்தானே என்று கேரளத்தில் சேர்ந்தால் கேரள மாநில உதவித்தொகை கிடைக்காது, அது அங்குள்ளவர்களுக்கு மட்டும்.

சென்னை தரமணியில் உள்ள ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் ஓராண்டு டிப்ளமோவுக்குப் பல லட்சம் ஆகும். தலித், ஆதிவாசி மாணவர்களுக்கு அங்கே உதவித்தொகை உண்டு, பொருளாதார நிலையைப் பார்த்துத் தருவதும் உண்டு. பயந்து விண்ணப்பிக்காமல் விடாதீர்கள். இதற்குக் கல்விக்கடன் கேட்கப் போனால் வங்கி முதலில் கேட்பது படிப்பின் அங்கீகாரத்தை. சேர்க்கைக் கடிதத்தோடு அந்தத் தாளையும் நிறுவனத்திடம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். 4 லட்சம் வரையான கடனுக்குப் பிணைச் சொத்தும் கேட்கக் கூடாது, கையிலிருந்து ஒரு பங்கு போடவும் சொல்லக் கூடாது. கிளையில் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.