200 எண்களில் ஒரு தந்தி

அன்புள்ள சார்,

ஏழு வருடம் வீணை கற்றவள் நான். இப்போது வேலையில் பைத்தான் என்ற கணினி மொழியில் கோட் எழுதுகிறேன். கோட் எழுதியே இசையை உண்டாக்கலாம் என்று கேள்விப்பட்டு சூப்பர்கொலைடர், சீசவுண்ட், சோனிக் பை என்ற மூன்று மென்பொருள்களையும் இறக்கி வைத்திருக்கிறேன். எதில் தொடங்குவது? இது புது மோகம், நாலு நாளில் போய்விடும் என்கிறார் அண்ணன். எண்களில் பிறக்கும் ஒலிக்குக் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைக்கும் அந்த நெளிவு, வருமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

1957-இலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் எழுதிய நிரல், ஐபிஎம் 704 கணினியில் 17 வினாடி இசையைக் கணக்கிட்டுத் தந்துவிட்டது என்று அண்ணனிடம் சொல்லுங்கள். அந்த வம்சத்தில் வந்ததுதான் சீசவுண்ட். 1980-களில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேரி வெர்கோ அதை எழுதினார். ஜேம்ஸ் மெக்கார்ட்னி சூப்பர்கொலைடரை வெளியிட்டது 1996-இல்.

நீங்கள் சூப்பர்கொலைடரை எடுங்கள். சாம் ஆரோன் பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்து உருவாக்கிய சோனிக் பை அருமையான கருவிதான். ஆனால் அதற்கு அடியில் ஒலியை உண்டாக்குவதே சூப்பர்கொலைடரின் எஞ்சின். தந்தியைத் தொட்டுப் பழகிய உங்களுக்கு அடிவரை இறங்கிப் பார்க்காமல் மனசு ஆறாது.

எடுத்ததும் பாட்டு எழுத உட்கார வேண்டாம். முதலில் ஒரே ஒரு தந்தியைச் செய்யுங்கள். 1983-இல் கெவின் கார்ப்ளஸும் அலெக்ஸ் ஸ்ட்ராங்கும் வெளியிட்ட வழி இது. வாய்க்கு வந்தபடி 200 எண்கள். வினாடிக்கு 44,100 எண் என்ற வேகத்தில் அவற்றையே சுற்றிச் சுற்றி ஒலிக்கவிட்டால், சுமார் 220 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 220 அதிர்வு) கரகரவென்று ஓர் இரைச்சல் வரும். இப்போது ஒரு சின்ன மாற்றம்: ஒவ்வோர் எண்ணும் ஒலித்து முடிந்ததும், அதையும் அடுத்த எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்து அதே இடத்தில் வையுங்கள். அவ்வளவுதான், மீட்டிய தந்தி கேட்கும்! தொடக்கத்தில் ஒரு கூர்மை, அப்புறம் மேலே இருக்கும் சுரங்கள் ஒவ்வொன்றாய் அடங்கி, கடைசியில் அடிநாதம் மட்டும் நின்று மறையும். சராசரி எடுக்க எடுக்க வேகமான அதிர்வுகள்தான் முதலில் தேய்கின்றன. உங்கள் வீணையிலும் அவைதான் முதலில் அடங்குகின்றன.

பைத்தானில் இதற்குப் பத்துப் பதினைந்து வரி போதும். சூப்பர்கொலைடரில் 'பிளக்' என்ற பெயரில் தயாராகவே இருக்கிறது. இருந்தாலும் முதல் தடவை உங்கள் கையால் எழுதுங்கள். நான் எழுதிய இரவில் அந்த ஒற்றை ஒலியையே ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்து இரண்டாவது தந்தி. சட்ஜம் 220 என்றால் பஞ்சமம் 330. பஞ்சமத்தை 329.63 ஆக்கி, சட்ஜத்தோடு சேர்த்து ஒலிக்கவிட்டுப் பாருங்கள். கீபோர்டில் இருக்கும் பஞ்சமம் அது. நாலு வினாடிக்கு மூன்று தடவை மெல்ல ஓர் அலை எழும்பித் தணியும். சுருதி சேர்க்கும்போது காதால் துரத்துவோமே, அதே அலை.

கமகம் வரும், ஆனால் சும்மா வராது. சுருதி இங்கே வரைபடத்தில் ஒரு கோடு மாதிரியே கைக்குக் கிடைக்கிறது, எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். தோடி ராகத்தின் காந்தாரத்தைச் சீராக ஏறி இறங்கும் சைன் அலையால் ஆட்டிப் பார்த்தேன், ஆம்புலன்ஸ் சத்தம்தான் வந்தது. கை எங்கே தங்குகிறது, எங்கே விரைகிறது என்பது சீராக இருப்பதே இல்லை. அந்தக் கணக்கு என்னிடம் இல்லை, உங்கள் விரலில் இருக்கிறது. நீங்கள் வாசிப்பதைப் பதிவு செய்து, சுருதி போகும் பாதையை எண்களாக எடுத்து, அதிலிருந்து தொடங்குங்கள்.

ஒன்று மட்டும் கவனம். புதிதாக எழுதிய நிரலை ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். ஓர் எண் தவறினாலும் காதைப் பிளக்கும் சத்தம் வரலாம். சூப்பர்கொலைடரில் கன்ட்ரோலையும் (மேக்கில் கமாண்ட்) முற்றுப்புள்ளியையும் சேர்த்து அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும். முதல் நாளே விரலுக்கு அதைப் பழக்கிவிடுங்கள்.

அன்புடன்.